கன்னத்தில் இரண்டு புள்ளிகள்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளியில் சேர்ப்பதற்காக அன்று மதியம் அவளை நேரில் காட்ட வேண்டும். முந்தின நாள் இணையத்தில் அனுப்பியிருந்த விண்ணப்பத்தைப் போனில் திறந்து மறுபடியும் சரிபார்த்தேன். அடையாளம் என்ற இடத்தில் 'இடது கன்னத்தில் மச்சம்' என்று நானே எழுதியிருந்தேன். மேலே இருந்த போட்டோவில் மச்சம் இல்லை.

படத்தைப் பெரிதாக்கினேன். கன்னம் துடைத்து வைத்தது போல இருந்தது.

எப்படி ஆனது என்று உடனே புரிந்தது. அந்தப் போட்டோவில் மச்சத்துக்குப் பக்கத்திலேயே திருஷ்டிப் பொட்டு இருந்தது. பள்ளிக்குக் கொடுக்கும் படத்தில் அது எதற்கு என்று, கறை நீக்கித் தரும் ஒரு தளத்தில் போட்டேன். மையோடு மச்சத்தையும் அது எடுத்துவிட்டது. சின்னத் திரையில் பார்த்தபோது நன்றாக வந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

போட்டோவும் குழந்தையும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, இடம் அடுத்தவருக்கு என்று விதியில் இருந்தது. சரிபார்ப்பு தொடங்கும்வரை போட்டோவை மாற்றலாம் என்றும் இருந்தது. ஆனால் மாற்றுவதற்குப் பழைய படம் வேண்டுமே. திருத்தியது இருக்கும்போது அது எதற்கு என்று அழித்திருந்தேன். கணவரிடம் சொன்னால் வேலையிடத்தில் பதறுவார் என்று சொல்லவில்லை. சொல்லாததும் தப்போ என்று சிறிது நேரம் யோசித்தேன்.

பிச்சாட்டூரில் இருக்கும் தங்கைக்கு அந்தப் படத்தை அனுப்பிய நினைவு வந்தது. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாக்கா, உன் வெப்சைட்டு கொழந்த மச்சத்தையே துன்னுட்ச்சா?" என்று சிரித்தாள். மதியமே சரிபார்ப்பு என்றதும் குரல் இறங்கியது. "இரு, தேடிக்கினு கீறேன். போன வெக்காத."

சந்திரகிரி தாண்டும்போது படம் வந்தது. பொட்டும் மச்சமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மகள் பிறந்ததிலிருந்து போட்டோ திருத்தும் தளங்களைச் சேமித்துவருகிறேன். பின்னணி மாற்ற, அளவு குறைக்க, மங்கலைத் தெளிவாக்க என்று தனித்தனி ஃபோல்டர்கள். 'பிறகு பார்க்கணும்' என்ற ஃபோல்டரில்தான் பாதிக்கு மேல் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இலவசமா, படத்தின்மேல் தன் பெயரை அச்சடிக்குமா என்றெல்லாம் குறித்திருந்தேன். கேட்டதற்கு மேல் எதைத் தொடும் என்று ஒன்றுக்குக்கூட எழுதவில்லை. இத்தனை சேர்த்தும் எதை நம்பித் திறப்பது என்று தெரியவில்லை.

பள்ளி கேட்டபடி பின்னணியை வெள்ளையாக்கிய முதல் தளம் காதோரத்தைக் கடித்துவிட்டது. அடுத்தது ஒழுங்காகச் செய்தது. அளவு மட்டும் குறைக்கும் இன்னொன்றில் போட்டேன். ஒவ்வொரு தடவையும் தங்கை அனுப்பிய படத்தோடு கன்னத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். பொட்டை இந்தத் தடவை நான் தொடவே இல்லை. பதிவேற்றும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ் திருப்பதிக்குள் நுழைந்த பிறகுதான் புதுப் படம் ஏறியது.

பள்ளிக் கவுண்டரில் இருந்த அம்மாள் தெலுங்கில் ஆரம்பித்து, நான் மகளிடம் பேசியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ரெண்டு புள்ளி கீதே. இதுல மச்சம் எதும்மா?"

மகளின் கன்னத்திலும் இரண்டு இருந்தன. காலையில் பழக்கத்தில் பொட்டு வைத்துத்தான் கூட்டிவந்திருந்தேன். துப்பட்டா நுனியால் துடைத்தேன். மை பரவி, கன்னம் முழுவதும் சாம்பலாகி, இரண்டுமே தெரியவில்லை. பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். பாட்டில் தண்ணீரில் நுனியை நனைத்து மறுபடி தேய்த்தேன். மை போனது, ஒன்று நின்றது. அதுவும் போய்விடுமோ என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, கை நிற்கவில்லை.

"போதும்மா. தேய்ச்சா மச்சமா போவும்? கொழந்த அழுவுது பாரு."

முத்திரை குத்திய தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். அதில் அச்சாகியிருந்த போட்டோவில் மச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மகளைத் தூக்கிச் சமாதானப்படுத்தினேன்.