விரல் பின்னால் போன கண்

விரலை இடமும் வலமுமாக ஆட்டுவாராம், அதன் பின்னாலேயே என் மனைவியின் கண் போய்ப் போய் வருமாம், போன வருஷம் பட்ட பயம் தெளிந்துவிடுமாம். காதில் பூ சுற்ற வேறு ஆளே கிடைக்கவில்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது. தீக்காயத்துக்கு மருந்து போட்ட டாக்டர்தான் எங்களை ஓர் அம்மாவிடம் அனுப்பிவைத்தார். புதுச்சேரியிலிருந்து வாரம் ஒரு நாள் விருத்தாசலம் வருகிற மனநல ஆலோசகர் அந்த அம்மா. ஜங்ஷன் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் இரண்டு. நான் கிட்டப் போய் முத்திரை வரைக்கும் படித்துப் பார்த்தேன்.

எங்களுக்கு ஊரிலுள்ள செராமிக் தொழில் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை. கொலு பொம்மை செய்கிறோம். போன வருஷம் நவராத்திரிக்கு முன்னால், வியாபாரி வேனோடு வந்து நிற்கிறார் என்று, ஆற வேண்டிய சூளையை அரை நாள் முன்னதாகத் திறந்துவிட்டேன். அவசரம் என்னுடையது, அதை நான் மறுக்கவில்லை. உள்ளேயிருந்து அடித்த அனல், பக்கத்தில் நின்ற என் மனைவியின் வலது கையை முழங்கை வரை பொசுக்கிவிட்டது. புண் ஆறிவிட்டது. ஆனால் இரும்புக் கதவு கிறீச்சிட்டால் போதும், அவளுக்கு உடம்பு உதறும். அடுப்பு பற்றவைக்க மாட்டாள். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. அவள் வீட்டுக்கு வர வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் இந்த விரல் வைத்தியத்துக்கும் தலையாட்டினேன்.

முதல் இரண்டு வாரம் என்னை வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே என்ன பேச்சு என்று கேட்டால், மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பாள். மூச்சு விட ஒரு மணி நேரமா? ஏற்கெனவே என்னை நேரே பார்த்துப் பேசாதவளை இந்த அம்மா இன்னும் கொஞ்சம் எனக்கு எதிராகத் திருப்பிவிடுகிறாரோ என்று சந்தேகப்பட்டேன். மூன்றாவது வாரம் நானும் உள்ளேதான் இருப்பேன் என்று அடம் பிடித்தேன். ஆலோசகருக்கு இஷ்டமில்லை. என் மனைவியைக் கேட்டார். இருக்கட்டும் என்றாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை.

சூளை திறந்த அன்று நடந்ததில் மனசை விட்டுப் போகாத காட்சி எதுவோ அதை நினைக்கச் சொன்னார். பத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டார். ஒன்பது என்றாள். இரண்டு விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டினார். நான் விரலையும் பார்த்தேன், ஏதாவது முணுமுணுக்கிறாரா என்று உதட்டையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டு, இப்போது என்ன வருகிறது என்று மட்டும் கேட்டார். அனல் என்றாள். மறுபடி விரல். கதவு என்றாள். மறுபடி விரல். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, விரல் நின்றதும் அவள் தன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"நெருப்பு இல்லம்மா. நான் கீழ கெடக்குறேன். இவங்க சூளைக்குள்ள பாத்துக்கிட்டு, எத்தினி தேறுச்சின்னு கேக்கறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் அப்படிக் கேக்கவே இல்ல" என்று எழுந்துவிட்டேன். இல்லாததை எல்லாம் இவள் வாயில் போடுகிறீர்கள் என்று ஆலோசகர் மேல் பாய்ந்தேன். அவர் சத்தம் போடவில்லை. வெளியே இருங்கள் என்று கதவைக் காட்டினார்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். எங்கள் எஸ்டேட்டில் சூளை திறந்தால் யார் வாயிலும் முதலில் வருவது அந்தக் கேள்விதான். விரிசல் விட்டது போக எத்தனை தேறியது? பத்தொன்பது வருஷமாக, திறந்த ஒவ்வொரு கதவுக்கும் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கேட்காமலா இருந்திருப்பேன்? புதுச்சேரி அம்மாவுக்கு எங்கள் பட்டறைப் பேச்சு எப்படித் தெரியும்? அவளைத் தூக்கி உட்காரவைத்ததுகூட பக்கத்துப் பட்டறைக்காரர்தான். அதுவும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றுகொண்டு, "கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்" என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். அடுத்த வாரம் தானே தனியாக வந்து போய்க்கொள்வதாகச் சொன்னாள். டிரைவர் ஏறிவிட்டார். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"ரொம்ப வலிச்சிதா?"

"கத்துனேனே" என்றாள். "உங்க காதுல வுழலியா?"