இருபத்திரண்டு டயர், ஒரு எலுமிச்சம்பழம்

காருக்குப் பூஜை போட்டால் நாலு எலுமிச்சம்பழம் போதும். டிரக்குக்கு எத்தனை?

போன சனிக்கிழமை காலை, நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் ஒடாஹுஹு என்ற பகுதியில், ஒரு டிரக் யார்டில் நின்று இதைத்தான் விவாதித்துக்கொண்டிருந்தோம். சிவநேசன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருஷம் அடுத்தவர் டிரக்கை ஓட்டியவர், வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். அன்றைக்குத்தான் முதல் லோடு. பத்து மணிக்குள் டிப்போவில் கன்டெய்னரை எடுக்க வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மதுரைக்காரன் எனக்கு அங்கே என்ன வேலை? கிளென்ஃபீல்டில் என் வீட்டு எலுமிச்சை மரம் காய்த்துக் குலுங்குகிறது. அந்த ஒரே தகுதிதான்.

"முன் டயருக்கு மட்டும் வச்சாப் போதாதா அக்கா?" என்றேன்.

அண்ணனின் மனைவி ரதி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, பின் டயரெல்லாம் மாற்றாந்தாய்ப் பிள்ளையளோ?"

டிரெய்லரோடு சேர்த்து இருபத்திரண்டு டயர். குனிந்து குனிந்து வைத்ததில் என் இடுப்பு கழன்றே போனது. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தாயிற்று. அண்ணன் மெதுவாக வண்டியை நகர்த்தினார். எல்லாப் பழமும் நசுங்கியது — ஒன்றைத் தவிர. அது வழுக்கிப்போய், ஜோடி டயர் இரண்டுக்கும் நடுவில் முழுசாகச் சிக்கிக்கொண்டது.

"அபசகுனம்" என்றார் அக்கா.

"மோட்டார்வேயில தெறிச்சுப் பின்னால வாற காரின்ரை கண்ணாடியில அடிக்கும். எடுக்காமல் வெளிக்கிட ஏலாது" என்றார் அண்ணன்.

காரணம் வேறு வேறு, முடிவு ஒன்று. துடைப்பக் கட்டையை விட்டுக் குத்தினோம், நெம்பினோம், மாறி மாறித் திட்டினோம். ஒருவழியாகப் பழம் வெளியே வந்தபோது அக்கா போனைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இஞ்சாருங்கோ, ராகுகாலம் துவங்கீட்டுது. பத்தரைக்குப் பிறகு வெளிக்கிடுங்கோ."

"பத்தரைக்கு லோடு இராதப்பா."

"முதல் ஓட்டம். நான் விடமாட்டன்."

சொன்னதோடு நிற்கவில்லை, டிரக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சிக்கினது என் வீட்டுப் பழமாயிற்றே...

"அக்கா, அண்ணன் ஜாதகம் எந்த ஊர்ல எழுதினது?"

"யாழ்ப்பாணத்தில. ஏன்?"

"அப்ப அந்த ஊர் ராகுகாலம்தானே அவரைப் பிடிக்கும்? அங்க இப்ப நடுராத்திரி, இன்னும் விடியவே இல்லையே."

அக்கா யோசித்தார். விரல் விட்டு அங்கே மணி என்ன என்று எண்ணிப் பார்த்தார். "ஓம்... அதுவும் சரிதான்" என்று ஒதுங்கி நின்றார்.

பத்து அடிக்கும் முன் அண்ணன் டிப்போ கேட்டுக்குள் நுழைந்துவிட்டார். இனி வாரா வாரம் அவருக்குத்தானாம் அந்த லோடு. போனில் சொன்னார்.

புலம்பெயர்ந்தவனுக்கு இது ஒரு வசதி பாருங்கள். இந்த ஊரில் நேரம் சரியில்லையா? இன்னொரு ஊர் நேரத்துக்குப் போய்விடலாம்!

இந்தப் பிரதாபத்தை வீட்டில் அளந்துவிட்டது தப்பு. மறுநாள் ஞாயிறு சாயங்காலம் மனைவி வாக்யூம் கிளீனரை என் கையில் கொடுத்தாள்.

"ராகுகாலம்மா இது. எந்த வேலையையும் தொடங்கக் கூடாது."

"மதுரையில இல்ல" என்றாள்.