கிழவன் எறிந்த ஐம்பத்தெட்டுப் பந்துகள்

பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று சீட்டுப் போட்டுக் கொடுப்பவர் அவர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தவர், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதனால் பணிமனையில் அவருக்குப் பெயர் ‘ரெண்டு தாழ்ப்பாள்’.

அப்படிப்பட்டவரிடம் போய் அவருடைய அக்கா தன் பேஸ்பால் அணியை ஒப்படைத்தார்.

அக்காவுக்கு விழித்திரையில் அறுவை சிகிச்சை. பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும். திரைப் பக்கமே கண் போகக் கூடாது. பதினோரு வருடமாகக் கணினி விளையாட்டு ஒன்றில் அக்கா கட்டி வளர்த்த அணி, அந்த வாரம் பார்த்து அரையிறுதிக்கு வந்து நின்றது.

“அத்தான்கிட்ட குடுக்கலாமேக்கா?”

“அந்த மனுஷனுக்கு அடுப்புல இருக்கற கடிகாரத்தையே திருப்ப வராது. நீயே பாரு. ஒண்ணே ஒண்ணு, கிழவன் கை பத்திரம்டா.” நடுவில் ஓட்டை விட்ட தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஆட்டத்தை ஆடுவது கணினிதான். பகல் பன்னிரண்டு மணிக்கு அதுவே ஆடி முடித்து முடிவைச் சொல்லிவிடும். அதற்கு முன் செட்டிங்கைச் சரிபார்த்து வைப்பதுதான் அணி வைத்திருப்பவரின் வேலை. முதலில் பந்தெறிபவன் களைத்தால் அவனுக்குப் பதிலாக இறக்க ஐந்து ரிலீவர்கள். ஒவ்வொருவனுக்கும் எதிரில் ஓர் எண்: கையில் இத்தனை சதவீதம் தெம்பு இருந்தால்தான் இவனைக் கூப்பிடலாம். அக்கா எழுபது, எழுபத்தைந்து என்று வைத்திருந்தார். ஐவரில் மூத்தவனான, அக்கா ‘கிழவன்’ என்று கூப்பிடுகிறவனுக்கு மட்டும் தொண்ணூறு, அதுவும் கடைசியான ஒன்பதாம் சுற்றில் மட்டும். முப்பத்தொன்பது வயதுக் கை அது. கிழிந்தால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும், பிறகு வராது.

அரையிறுதி அன்று பணிமனையில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்தார். எழுபதில் இறங்கி ஒருவன் கை போய்விட்டால்? எண்பதாக்கினார். மனசு கேட்கவில்லை. தொண்ணூறு. கடைசியில் ஐந்து பேருக்கும் நூறு வைத்த பிறகுதான் மூச்சு சீரானது.

பன்னிரண்டு ஐந்துக்கு முடிவு வந்தது. வெற்றி! கீழே பார்த்தார்.

முந்தின நாளும் ஆடியிருந்ததால் நூறு சதவீதத் தெம்போடு ஒருவன்கூட இல்லை. தகுந்த ஆள் கிடைக்காத கணினி, எண், சுற்று எல்லாக் கட்டுப்பாட்டையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, இருப்பவர்களில் தெம்பு அதிகமுள்ளவனைக் கூப்பிட்டிருந்தது. கிழவனை. ஏழாம் சுற்றிலேயே இறங்கி ஐம்பத்தெட்டுப் பந்து எறிந்திருந்தான். மிச்சத் தெம்பு இருபத்து மூன்று என்று சிவப்பில் காட்டியது.

சாயங்காலம் அக்கா கேட்டார்: “கிழவன் எத்தனை பந்துடா?”

“பதினாலு.” நாக்கு தானாகப் புரண்டது.

“அவ்வளவுதானா! அப்ப நாளைக்கு இறுதியாட்டத்துல அவனுக்கு எண்ணே வேணாம். எப்ப வேணா கூப்பிடலாம்னு போட்டுடு.”

சொன்னபடி போட்டால் கிழவன் கை கிழியும்; போடாவிட்டால், அவன் ஏன் இறங்கவில்லை என்று அக்கா கேட்க, இவருடைய பொய் கிழியும்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பதினொன்றரைக்கே மடிக்கணினியோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாய் திறந்தது.

“அக்கா... பதினாலு இல்ல. அம்பத்தெட்டு.”

தலையணைக்குள்ளிருந்து கேள்வி உடனே வந்தது.

“எல்லாருக்கும் நூறு வச்சியா?”

“ம்.”

“எவனும் வரக் கூடாதுன்னு கதவைச் சாத்தினா, அது கைக்குக் கிடைச்சவனை இழுத்துக்கிட்டுப் போகும்டா, மண்டு! பதினோரு வருஷத்துல நான் இந்தத் தப்பைப் பண்ணதில்ல.” பிறகு, “பொய் வேற.”

“அடிக்கணும்னா அடிச்சுக்கோக்கா.”

“குப்புறக் கிடந்துக்கிட்டு எப்படிடா அடிக்கறது? மணி என்ன?”

“பன்னெண்டுக்கு நாலு நிமிஷம்.”

“கிழவன் பேருக்குப் பக்கத்துல ‘ஓய்வு’ன்னு இருக்கும், அதை அழுத்து. மத்த நாலு பேருக்கும் அம்பது வை.”

“அம்பதா? அவங்க கை—”

“வைடா!”

வைத்தார். ‘சேமி’ பொத்தானை அழுத்திவிட்டு, பதிந்ததா என்று ஒருமுறை திறந்து பார்த்தார். இன்னொரு முறை பார்ப்பதற்குள் பன்னிரண்டாகிவிட்டது.

“நாலுக்கு ஆறு. தோத்துட்டோம்க்கா.”

“கிழவன்?”

“இறங்கல. தெம்பு நாப்பத்தொண்ணு. மஞ்சளாயிடுச்சு.”

அக்காவின் முதுகு மெல்ல ஏறி இறங்கியது. “தேறிடுவான். அடுத்த சீசன் திங்கக்கிழமை ஆரம்பம். நான் எந்திரிக்க இன்னும் ஆறு நாள் இருக்கு. நீதான் பாக்கணும்.”

மடிக்கணினியை மூடிவிட்டு வாசல் வரை போனவர், கிழவன் பேருக்குப் பக்கத்தில் ‘ஓய்வு’ இருக்கிறதா என்று திரும்பி வந்து திறந்து பார்த்தார்.