நன்மை வாங்காதவள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிரசங்கத்தைக் கேட்பதில்லை. ஆனால் யார் நன்மை வாங்க எழுந்து போகிறார்கள், யார் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்பதை மட்டும் தலையைத் திருப்பாமலே பார்த்துவிடுவார்கள். நன்மை என்பது பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம். ஆண்டவருடைய உடல் என்று நம்பி வாங்குகிறோம். சாவான பாவம் என்கிற பெரும்பாவம் செய்தவர்கள், சாமியாரிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது. ஆகையால் வாங்காமல் உட்கார்ந்திருப்பவர் ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் ஜனங்களுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

என் நாத்தனார் கேரலை அந்தப் பார்வைதான் கொன்றுபோட்டது. உயிரோடுதான் இருக்கிறாள். இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. மாமனார், மாமியார் போன பிறகு அவளுக்கு நானும் என் கணவர் ஆம்ப்ரோஸும்தான் துணை. ஃப்ரேசர் டவுனில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுத்தாள். வயசுப் பிள்ளையாக இருந்தபோது அவள் முகத்தில் ஒரு பொட்டுப் பரு கிடையாது. முப்பதைத் தாண்டிய பிறகுதான் தாடை ஓரத்தில் கிளம்பியது. மாதம் தவறாமல் வரும், சிவந்து வீங்கும், உடையும், கறுத்துப்போய்த் தழும்பாக நிற்கும். அது ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். இந்த வயதில் இதெல்லாம் வருமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொல்லாதவை. முகம் ரவை ரவையாக இருக்கிறதாம்; 'ரவா மிஸ் பந்த்ரு', ரவை மிஸ் வந்தாச்சு என்று ஒருவன் கன்னடத்தில் குரல் கொடுக்க, வகுப்பே எழுந்து நின்று குட்மார்னிங் சொல்லுமாம். கேரல் தாடையில் கையை வைத்துக்கொண்டே பேசப் பழகிக்கொண்டாள். பாடம் பெரும்பாலும் போர்டைப் பார்த்தபடியே நடக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் டேரில் சம்பந்தம் வந்தது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் செய்த சாமானைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. அதிகம் பேசாத மனிதர், குடி கிடையாது, அம்மா மௌரீனுக்கு ஒரே பிள்ளை. அவர்களும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள்தான். கேரலுக்கு அவரைப் பிடித்திருந்தது. இது நாங்கள் பார்த்துக் கட்டிவைக்கிற கல்யாணமாக இருந்தாலும், அவர் போன் வந்தால் அவள் மொட்டை மாடிக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து அவளுக்கென்று ஒரு வாசல் திறக்கிறதே என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நிச்சயத்தன்று மௌரீன் ஆண்ட்டி அவளுக்கு மாலை போட்டு, முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "கல்யாணத்துக்குள்ள இது சரியாயிடும் இல்லமா?" என்று கேட்டார். கெட்ட மனசோடு கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து கேரலுக்குக் கல்யாணம் என்றால் சரியான முகம் என்று ஆகிவிட்டது. முகம் சரியாகாவிட்டால் கல்யாணம் இல்லை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

டாக்டரிடம் போவோம் என்றேன். க்ரீம் போட்டு எரிந்த அனுபவம் ஏற்கெனவே இருந்ததால் மாட்டேன் என்றாள். யோசனை சொல்லத்தான் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? எல்லாம் உடம்புச் சூடு என்றார்கள். மாம்பழத்தை விடு என்றார் ஒருவர், முட்டையை விடு என்றார் இன்னொருவர். கோழி ஆகாது, நிலக்கடலை ஆகாது, எண்ணெய்ப் பண்டம் ஆகவே ஆகாது. கேரல் ஒவ்வொன்றாக விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போனில் எதையோ படித்துவிட்டு சர்க்கரையையும் பாலையும் நிறுத்தினாள். கிறிஸ்துமஸுக்கு நான் செய்த கல்கல் பலகாரத்தை ஒரு வாய் தொடவில்லை. காபி பைத்தியமாக இருந்தவள் காலையில் வெந்நீர் குடித்தாள்.

கொஞ்ச காலத்தில் முகத்தில் நிஜமாகவே குறைந்தது. புதிதாகக் கிளம்புவது பாதியாக நின்றது. அதுதான் வினை. ஒன்றுமே குறையாமல் இருந்திருந்தால் எரிச்சல்பட்டு விட்டுத் தொலைத்திருப்பாள். பாதி குறைந்ததும், மீதியும் சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டாள்.

அந்த மீதிக்குப் போன் வீடியோவில் ஒரு பெண் வழி சொன்னாள். நானும் எட்டிப் பார்த்தேன்; பளிங்கு மாதிரி முகம், பேச்சில் தேன். கோதுமைதான் குற்றவாளியாம். விட்டால் அடியோடு விட வேண்டுமாம். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உடம்பு பழைய நிலைக்குப் போய்விடுமாம், விரதத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். கேரல் சப்பாத்தியை விட்டாள், பன்னை விட்டாள், பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள் என்று ரசத்தையும் விட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் படிப்பார். அந்த மூன்று வாரமும் ஊர்க்கண் முழுக்கப் பெண், மாப்பிள்ளை மேல்தான் இருக்கும். முதல் ஓலை வாசித்த ஞாயிறு, எல்லோரும் நன்மை வாங்க வரிசையில் போக, கேரல் முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கி எனக்கு வழிவிட்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பூசை முடிந்ததும் வாசலில், எங்கள் பங்கைச் சேர்ந்த வேதநாயகி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது விதி. அதனால், வரும்போது காபி குடித்துவிட்டாள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அக்கா தலையாட்டினார். கேரல் காபியை விட்டது பங்கு முழுக்கத் தெரிந்த விஷயம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பொய் சொன்ன வாய்க்குப் பொரி கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது அதைவிட மோசம்.

அன்று அவளை உட்காரவைத்துக் கேட்டேன். கோதுமை என்றாள். எனக்குப் புரியவில்லை. "நன்மை கோதுமை மாவுல செய்யறது அண்ணி," என்றாள். முதலில் சிரித்தேன். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம், கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினேன். நகத்தளவு இருக்கிறது அந்த அப்பம். அதைத் தின்று பரு வந்து எவளாவது செத்திருக்கிறாளா என்று கத்தினேன். அவள் அழவில்லை. இத்தனை நாள் கஷ்டப்பட்டதை ஒரு துணுக்கில் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா என்று மட்டும் கேட்டாள்.

சரி, சாமியாரிடம் சொல், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அப்பத்துக்குப் பதில் திராட்சை ரசம் மட்டும் கொடுப்பார்கள் என்றேன். திராட்சை ரசத்தில் சர்க்கரை இருக்கிறது என்றாள். அதைவிட, முகப்பரு என்று எந்த வாயால் சாமியாரிடம் சொல்வது என்று கூனிக் குறுகினாள். தாலி கட்டும் நாள் கட்டாயம் வாங்கிவிடுகிறேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

இரண்டாம் ஓலை ஞாயிறும் உட்கார்ந்தே இருந்தாள். இந்த முறை மௌரீன் ஆண்ட்டி எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தார். நன்மை வாங்கிக் கைகூப்பித் திரும்பி வருகிறவர், கேரலுக்கு நேராக வந்ததும் ஒரு கணம் நின்றார். அந்தக் கண்ணை நான் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

அந்த வாரத்துக்குள் கதை முளைத்துவிட்டது. கேரலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தனோடு பழக்கம், கல்யாணம் ஆனவன், பாவசங்கீர்த்தனம் செய்தால் அவனை விட வேண்டுமே என்றுதான் நன்மைக்குப் போகவில்லை என்றார்கள். சும்மனே ஒருவர் ஆரம்பித்திருப்பார், ஆளுக்கு ஒரு கை உப்புப் போட்டிருப்பார்கள். அந்த ஆணுக்கு ஒரு பெயர்கூட வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேரில் வேலை உடுப்போடு நேராக வீட்டுக்கு வந்தார். ஆம்ப்ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. கேரல் சுவரோரம் தாடையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றார். "வேற யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"அப்ப ஏன் நன்மை வாங்கல?"

கேரல் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினேன். உண்மை காப்பாற்றும் என்று நான் அப்போது நம்பினேன்.

"கோதுமை சாப்பிட்டா எனக்குப் பரு வருது. கல்யாணத்தன்னிக்கு மூஞ்சி நல்லா இருக்கணும்னு..."

அவர் முகம் செத்துப்போனது. "நான் கம்பெனியில ஆயிரம் பொய் கேக்கறவனுங்க," என்றார். "கொஞ்சம் நம்பற மாதிரி ஒண்ணு சொல்லியிருக்கலாம்." வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் விடவில்லை. மறுநாளே மௌரீன் ஆண்ட்டி வீட்டுக்குப் போனேன். அவள் விட்ட ஒவ்வொரு பண்டத்தையும் சொல்லி, பிள்ளை மேல் தப்பே இல்லை என்று என் இரண்டு பிள்ளைகள் மேல் ஆணையிட்டேன். ஆண்ட்டி நான் சொன்னதை நம்பினார். அதுதான் கொடுமை. நம்பிவிட்டு ஜெபமாலையை மடியில் வைத்தார்.

"சாமியார் அப்பத்தைத் தூக்கி எழுந்தேற்றம் செஞ்சு, அது ஆண்டவராயிட்டப்புறமும் அவளுக்குக் கோதுமையா ஜோசஃபின்?" என்று கேட்டார். "ஒரு ஆள் இருந்திருந்தாகூட, பாவம் செஞ்சா, மனசு திரும்பினான்னு ஏத்துப்பேன். ஆண்டவரைவிட மூஞ்சி பெருசுன்னு உக்காந்துட்டாளே."

முகம் சரியாகும் இல்லமா என்று முதலில் கேட்டது யார் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டாலும் அவருக்கு நினைவிருந்திருக்காது.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சாமியார் மற்ற இரண்டு ஜோடிகளின் பெயரைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தபோது கோயில் முழுக்கத் தலையைத் திருப்பாமலே எங்கள் பெஞ்சைப் பார்த்தது.

இனியாவது சாப்பிடுவாள் என்று நினைத்தேன். யாருக்காகப் பட்டினி கிடந்தாளோ அந்த ஆளே போயாயிற்று. ஆனால் அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சரியாகியிருந்தால் டேரில் நம்பியிருப்பார் என்றாள். பாதி முகத்தோடு சொன்னதால்தான் பொய்யாகத் தெரிந்ததாம். சோற்றையும் நிறுத்தினாள். அவித்த சுரைக்காய், வெள்ளரிக்காய், ஒரு பிடி கீரை, அவ்வளவுதான். ஆம்ப்ரோஸ் தட்டை வைத்துக் கெஞ்சினார், மிரட்டினார், ஒரு நாள் அடிக்கவும் கை ஓங்கிவிட்டுத் தானே உட்கார்ந்து அழுதார். அவள் எங்கள் இருவருக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தட்டை மூடிவைத்தாள்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது ஒரு காலை, வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். 'ரவா மிஸ்' என்று கத்தின அதே பிள்ளைகள்தான் அழுதுகொண்டே ஆபீஸுக்கு ஓடினவை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டார். அவர் திட்டவில்லை. இனிப்பையும் பாலையும் குறைத்தால் சிலருக்குப் பரு குறைவது உண்டு, அதுவரை அவள் செய்தது தப்பில்லை என்றார். கோதுமைக்கும் பருவுக்கும் அப்படி ஒரு தொடர்பு நிரூபணமாகவில்லை. இந்த வயதில் தாடையில் வருவது பெரும்பாலும் ஹார்மோனால். மாத்திரையும் களிம்பும் சில மாதப் பொறுமையும் இருந்தால் சோறும் சப்பாத்தியும் தின்றுகொண்டே சரிசெய்திருக்கலாம். இப்போது ரத்தம் வற்றிவிட்டது, மாதவிலக்கு நின்றுவிட்டது, இதயம் பலவீனமாகிவிட்டது. சாப்பிடவைப்பதுதான் மருந்து, அதற்கு மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவரும் வேண்டும் என்றார். முகத்தில் இப்போது பரு ஒன்றுகூட இல்லையே என்று நான் கேட்டேன். உடம்பிடம் எதுவும் மிச்சமில்லை, பருவுக்கும் மிச்சமில்லை என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து சாமியார் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவந்தார். கேரலின் கட்டிலருகே நின்று, தனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல மெதுவாகப் பேசினார். என்னிடம் வந்து சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்குமே மகளே என்றார். பிறகு அப்பத்தைப் பிட்டார். பிட்டதை மறுபடி பிட்டார். விரல்நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்கு அரிசியைவிடச் சின்னது.

கேரல் அதைப் பார்த்தாள். வாயைத் திறக்க முயன்றாள். அவள் ஆண்டவரை வெறுத்தவள் இல்லை, சின்னப் பிள்ளையிலிருந்து நவநாள் ஜெபம் தவறாதவள். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. வாய் திறக்கவில்லை. சாமியார் ரொம்ப நேரம் கையை நீட்டியபடி நின்றார். கடைசியில் அந்தத் துணுக்கை எனக்குக் கொடுத்தார். நான் விழுங்கினேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் கேரல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அண்ணி, என் மூஞ்சி எப்படி இருக்கு?"

ஜன்னல் வெளிச்சம் நேராக அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. தாடை, கன்னம், நெற்றி, எங்கேயும் ஒரு புள்ளி இல்லை.

"நல்லா இருக்குமா," என்றேன். இந்தக் கதை முழுக்க நான் சொன்ன உண்மைகளிலேயே, அவள் நம்பினது அது ஒன்றைத்தான்.