அண்ணன் பெயர் போட்ட கார்டு

அந்த விசிட்டிங் கார்டு மஞ்சள் நிறம். சிவாஜி நகரில் ஓர் அச்சகத்தில் நூறு கார்டு அடித்தோம். நடுவில் பெரிதாக அண்ணன் பெயர், அதன் கீழே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, மூலையில் எங்கள் சந்து முனைக் கடையின் போன் நம்பர். என் பெயர் அதில் இல்லை. போடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஸ்ரீராம்புரத்தில் பதினேழு வயதுப் பெண் கம்ப்யூட்டர் பூட்டி விற்கிறாள் என்று கார்டு அடித்தால், வாங்க வருகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது எனக்கே தெரியும்.

இரண்டாயிரம் பிறக்க ஓரிரு வருடங்கள் இருந்த சமயம் அது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே லேபில் ஒரு செத்துப்போன கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தது. அதைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். பியூசியில், அதாவது பிளஸ் டூவில், இரண்டு முறை தவறிவிட்டு வீட்டில் இருந்தான். படிப்பு வராவிட்டால் என்ன, வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அதற்கு அவன்தான் சாட்சி. கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கும் எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரரிடம் உருது, மல்லேஸ்வரத்தில் கன்னடம், வீட்டில் அப்பாவிடம் பொய், எல்லாம் சரளமாக வரும். எனக்கோ முன்பின் தெரியாதவர் எதிரில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பூட்டுவது நான், விற்பது அவன். என் பரீட்சைக் கட்டணமும் வீட்டுச் செலவில் கொஞ்சமும் அதில் வந்துவிடும்.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போது நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் போகிற தங்கை. மெஷினில் கோளாறு என்றால் அண்ணன் திருப்புளியை எடுத்துக்கொண்டு மும்முரமாக உட்காருவான். ஒன்றும் தெரியாது அவனுக்கு. எனக்குத் தெரிந்ததை நான் நேராகச் சொல்லவும் முடியாது. அதற்காக ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். "அண்ணே, அன்னிக்கு நீ சொன்னியே" என்று ஆரம்பிப்பேன். அவன் வாழ்நாளில் சொல்லாததையெல்லாம் அவன் சொன்னதாகச் சொல்லுவேன். அவனும் "ஆமா, அதத்தான் இப்ப பாக்கப் போறேன்" என்பான். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மாய்வோம். அப்பா உட்பட ஊரே அவனைத்தான் கெட்டிக்காரன் என்று நம்பியது. அதில் எனக்கு வருத்தமில்லை. என் கை என்ன செய்யும் என்பது தெரிந்த ஓர் ஆள் இந்த உலகத்தில் இருந்தான், அவன் பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அது போதும் என்றிருந்தேன்.

மல்லேஸ்வரத்தில் ஒரு கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு மெஷின் கொடுத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது, ஆன் ஆகவில்லை என்று. போய்ப் பார்த்தால் விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. அண்ணன் மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான். நான் முன்பக்கத்தைப் பார்த்தேன். அந்த வீட்டு மாமி பக்தியோடு ஒரு பட்டன் விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார். சந்தனம் காய்ந்து, ரீசெட் பட்டன் அமுங்கியபடியே உள்ளே இறுகிப்போயிருந்தது. அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. "அண்ணே, அன்னிக்கு நீ சொன்னியே, அந்தச் சின்ன பட்டன் உள்ளாற மாட்டிக்கிட்டா இப்படித்தான் ஆவும்னு" என்றேன். அவன் என் தலையிலிருந்து ஹேர்பின்னை வாங்கி நெம்பினான். திரை ஒளிர்ந்தது.

மேனேஜர் அசந்துபோனார். "ஏம்ப்பா, எங்க ஆபீஸ்ல முப்பது மெஷின் இருக்கு. பாத்துக்க ஆளில்ல. நீ வந்துடறயா?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். அப்போது நான் வாயைத் திறந்து, சார், பூட்டினது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாதச் சம்பளம், வேலையில்லாத அண்ணன், கார்ப்பரேஷன் வேலையில் தேய்ந்துபோன அப்பா, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தலையைக் குனிந்து ஹேர்பின்னில் ஒட்டிய சந்தனத்தைச் சுரண்டினேன். "வர்றேன் சார்" என்றான் அண்ணன். அன்று பஸ்ஸில் நாங்கள் சிரிக்கவில்லை. ஓக்காலிபுரம் தாண்டியதும், "நீ இல்லாம அங்க போயி நான் என்னம்மா செய்வேன்?" என்றான். போன் பண்ணு என்றேன்.

பண்ணினான். பாலிடெக்னிக் கடைசிப் பரீட்சை முடிந்து நான் வீட்டில் இருந்த மாதங்கள் அவை. அதுவரை மெஷின்கள் எப்படியோ அவனிடம் வம்பு பண்ணாமல் இருந்தன. அதற்கப்புறம் தினமும் மதியம் ஒரு மணிக்குச் சந்து முனைக் கடையில் போன் அடிக்கும். திரையில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படிப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுவேன். அந்த ஆபீஸை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் ஜன்னலோர மெஷின் இருமுகிறது, அக்கவுண்ட்ஸ் அம்மாவுடைய மெஷினில் ஃபிளாப்பி சிக்கிக்கொள்கிறது என்று ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே நின்றுகொண்டு முப்பது மெஷின்களை நான் பார்த்துக்கொண்டேன். இதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்று இப்போதும் சொல்லுவேன்.

தினமும் வந்த போன் பிறகு இரண்டு நாளுக்கு ஒன்றானது, அப்புறம் திங்கட்கிழமை மட்டும். ஒரு திங்கட்கிழமை அவன் எதையும் கேட்கவில்லை. "இன்னிக்கு ஒரு மெஷின் அப்படியே நின்னுபோச்சு. நானே பாத்து சரி பண்ணிட்டேம்மா" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு பூரிப்பு. ரொம்ப நல்லதுண்ணே என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அடுத்த வாரமும் ஒரு மணிக்குப் போய்க் கடையில் நின்றேன், அதற்கடுத்த வாரமும். போன் வரவில்லை. கடைக்கார அக்கா ஒருநாள், "இன்னும் எத்தினி நாள் நிப்ப? போய்ச் சாப்பிடு, ஹோகு" என்று கன்னடத்தையும் கலந்து விரட்டினார். அந்த அக்காவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் தனியாகத் தொழில் செய்து பார்க்காமலில்லை. மர்பி டவுனில் ஒரு வீட்டுக்குத் தைரியமாகப் போனேன். அந்த வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் வரலியா? பரவால்லம்மா, அவர் வந்தப்புறமே வாங்கிக்கறோம்" என்றார். இரண்டு மூன்று வீடுகளில் இதையே கேட்ட பிறகு திருப்புளியை எடுத்து வைத்துவிட்டேன். பிறகு ஒரு மருந்துக் கம்பெனியில் பில் போடும் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். என் மெஷின் நின்றுபோனால் ஆள் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.

போன வருடம் அண்ணன் கம்பெனியில் அவனுக்குப் பாராட்டு விழா. குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அண்ணன் மேடையில் பேசினான். ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறையில் பாயை விரித்துக் கம்ப்யூட்டர் பூட்டியது, தகரத்தின் விளிம்பு விரலைக் கிழித்தது, சந்தனம் பட்டனை அடைத்த கதை, எல்லாம் சொன்னான். "பை தூக்கிக்கிட்டு என் தங்கச்சியும் கூட வரும்" என்றபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது. விரல் கிழிந்தது எனக்கு. தழும்பு இன்னும் இருக்கிறது.

மேடையிலிருந்து இறங்கியவன் அண்ணி பக்கம் போகவில்லை. என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். மாலையைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி, "தப்பா ஒண்ணும் சொல்லிடலியேம்மா?" என்று கேட்டான்.

அவன் மறக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக மறந்துவிட்டான் என்று நினைத்துத் தனியாக இருந்தேன். மறக்காமலேதான் இருந்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு அந்தத் தனிமை இரண்டு மடங்கானது. அவன் என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"இல்லண்ணே, எல்லாம் சரியாத்தான் சொன்ன" என்றேன்.