பாதி ஷிப்ட் ஓய்வு

துறைமுகத்தில் எங்கள் கிரேனுக்கு எப்போதும் இரண்டு பேர். பாதி ஷிப்ட் ஒருவர் மேலே கூண்டில் உட்கார்ந்து கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்குவார். மற்றவர் கீழே ஓய்வறையில் இருப்பார். பிறகு ஆள் மாறிக்கொள்வோம். நாள் முழுக்கக் குனிந்து பார்த்தால் கழுத்தும் கண்ணும் தாங்காது என்பதால் வந்த ஏற்பாடு இது. என் கூட்டாளி தன் ஓய்வு நேரத்தில் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துக் குறட்டை விடுவான். நான் ஷூவை மாட்டிக்கொண்டு ஓய்வறைக்குப் பின்னால் உள்ள பொட்டலில் ஓடுவேன்.

காரணம் இருந்தது. வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் என் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் கூடினால் மேலே ஏறவிட மாட்டார்கள். தரையில் நின்று கண்டெய்னர் எண் பார்க்கும் வேலைதான். எனக்கு அந்தக் கூண்டு வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் முயல் தீவு, இன்னொரு பக்கம் வெள்ளைவெளேரென்று உப்பளம். ஊரில் எந்தப் பணக்காரன் வீட்டிலும் அப்படியொரு ஜன்னல் கிடையாது. அது போய்விடுமோ என்ற பயத்தில்தான் ஓடினேன்.

சாதாரண ஓட்டம் இல்லை. கைபேசியில் ஓட்டப் பயிற்சி சொல்லித்தரும் ஒருவன் "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று கத்துவான், நானும் நாக்குத் தள்ள ஓடுவேன். நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் வழியிலும் கடற்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு இன்னொரு ஓட்டம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும். உடம்பு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். கூட்டாளிக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டம் வைத்ததும் நான்தான்.

"ஏலே, ஓடி எந்த ஊருக்குல போற?" என்பான் அவன், கண்ணைத் திறக்காமலேயே.

அடுத்த பரிசோதனையில் தூங்குமூஞ்சி தேறிவிட்டான். எனக்கு அழுத்தம் முன்பைவிட ஏறியிருந்தது. மறுபரிசோதனைக்கு ஒரு மாதத் தவணை, அதுவரை தரைவேலை. என் கூண்டில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதை அண்ணாந்து பார்த்தபோது ஆத்திரத்தில் அழுகையே வந்தது.

என் மனைவி நாசரேத் ஊர்க்காரி, பள்ளிக்கூட டீச்சர். அவள்தான் என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா என் ஓட்டக் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வேகமா ஓடுனா கார்ட்டிசால், அட்ரினலின்னு ஸ்ட்ரெஸ் ஹார்மோன்லாம் ஏறத்தான் செய்யும். அது தப்பில்ல அண்ணாச்சி. ஓய்வு எடுத்தா தானா வடிஞ்சிரும். நீங்க வடிய விடலியே. நைட் ஷிப்ட், தூக்கம் கெடையாது, அதுக்கு மேல இந்த ஓட்டம். நாய் தொரத்துதுன்னே ஒங்க உடம்பு எந்நேரமும் நெனச்சிக்கிட்டு இருக்கு."

மாத்திரை எழுதினார். தூக்கத்தை விடக் கூடாது என்றார். இப்போதைக்கு நடை போதும், அதுவும் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமே. மனைவி வந்தாள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கத் தொடங்கினால் என் கால் பாட்டுக்கு முன்னால் போய்விடும்.

"பேச்சுத் துணைக்கு வந்தவள விட்டுட்டு எங்கன போறிய? பதறாத காரியம் சிதறாது," என்பாள், வகுப்பில் பையன்களை அதட்டும் அதே குரலில்.

கிரேனில் தொங்கும் கண்டெய்னர் காற்றில் ஆடினால் புதிதாக வந்தவன் லீவரை எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுப்பான், ஆட்டம் கூடும். நான் ஆட்டத்தின் போக்கிலேயே கொஞ்சம் போய் அதை அடக்குவேன். பெட்டியிடம் அத்தனை பொறுமை காட்டத் தெரிந்தவனுக்கு மெதுவாக நடப்பது பெரிய தண்டனையாக இருந்தது. ஆனால் இரண்டாவது வாரத்தில் நன்றாகத் தூங்கினேன்.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒருநாள், காற்று அள்ளி வீசிய மணலை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "நீங்க ஓட ஆரம்பிச்ச பெறவு வீட்டுக்கு வார நேரமே தெரியாது. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு எங்கனயாவது விழுந்து கெடக்கியளோன்னு இருக்கும். பைக் சத்தம் கேக்குற வர என் நெஞ்சு அடங்காது."

இத்தனை நாள் சொல்லாமலே இருந்திருக்கிறாள். ஓடியது நான், படபடப்பு அவளுக்கும் சேர்த்து. அன்று திரும்பி வரும் வழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அவளும் விடவில்லை.

மறுபரிசோதனையில் தேறினேன். திரும்பக் கூண்டில் ஏறிய முதல் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முயல் தீவு இருந்த இடத்திலேயே இருந்தது. மத்தியானம் கீழே இறங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாயைக் கூட்டாளிக்குப் பக்கத்தில் விரித்தேன். அவன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"ஏலே, இங்கன என்னல செய்த?"

"வேலை பாக்கேன்," என்றேன். சிரித்துக்கொண்டே மின்விசிறிக்கு நேராக இருந்த இடத்தில் பாதியை விட்டுக் கொடுத்தான்.

படுக்கும் முன் மனைவிக்குப் போன் செய்தேன். கோயிலில் இருந்து வந்து சமையலை முடித்திருந்தாள்.

"எறங்கிட்டேன். ஓடல. படுக்கப் போறேன்."

பாத்திரத்தை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

"சரி," என்றாள். "அப்ப நானும் செத்த நேரம் படுக்கேன்."