துருப்பிடித்த கம்ப்யூட்டரும் திருட்டுப் பட்டமும்

காசு கொடுத்து வாங்கிய என்னைத் திருடனாக நடத்தியது ஒரு வீடியோ கேம் கம்பெனி.

தொண்டியில் கடலை ஒட்டி போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எதிரி முகாமுக்குள் சத்தமில்லாமல் நுழையும் உளவாளி விளையாட்டு ஒன்றை வாங்கி, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இங்கே உப்புக் காற்றில் கம்ப்யூட்டர் பாகங்கள் துருப்பிடிக்கும், மாற்றிக்கொண்டே இருப்போம். பாகத்தை மாற்றும்போதெல்லாம் அந்த விளையாட்டு இதை வேறு கம்ப்யூட்டர் என்று எண்ணிக்கொண்டது. கடைசியில், இத்தனை கம்ப்யூட்டரில் ஏற்ற அனுமதி இல்லை என்று பூட்டியேவிட்டது. கம்பெனிக்கு எழுதினால் அதே வரியைத் திருப்பி அனுப்பினார்கள்.

நண்பன் முனியசாமி சிரித்தான். "ஏலே, காசு குடுத்த நீ வாசல்ல நிக்கிற. ஓசியில எடுத்தவன் உள்ள போயி வெளாடுறான். அதே வெளாட்டு, பூட்ட ஒடச்ச காப்பி எங்கிட்ட இருக்கு, இந்தா."

ஆத்திரத்தில் அதை ஏற்றினேன். அதோடு ஒட்டி வந்த வைரஸால் மறுநாள் காலை கம்ப்யூட்டரில் ஒரு படமும் திறக்கவில்லை. உத்தரகோசமங்கையில் எடுத்த கல்யாணப் படங்கள் அத்தனையையும் அதில்தான் ஏற்றி வைத்திருந்தேன். அன்றைக்கே பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"ஆல்பம் எப்ப தம்பி தருவீக? பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு."

இரண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு கேமரா பையைத் துழாவினேன். கேமரா கார்டை அழிக்காமல் சோம்பேறித்தனமாகப் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தேன்.

இப்போது வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் விளையாட்டே கிடையாது. ஆல்பத்தைக் கையில் கொடுக்கும்வரை கார்டை அழிப்பதும் இல்லை. முனியசாமி கொடுத்ததை ஏற்றியது என் தப்பு. நான் வாங்கிய பொருளை எனக்கே பூட்டியது யார் தப்பு? அந்தக் கம்பெனி, நான் இதை எழுதும் இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி பதில் சொல்லட்டும்.